பெர்கன் பயணம்: எந்த மாதம், எந்த வழி, எத்தனை இரவு?

நார்வே போகிறவர்களின் திட்டம் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்ததாக இருக்கிறது. ஓஸ்லோவில் இரண்டு இரவு. பிறகு ரயில், மலை ரயில், படகு, பஸ், மறுபடி ரயில் என்று ஒரே நாளில் மூச்சு முட்ட ஒரு பயணம். இரவு, மேற்குக் கரை நகரமான பெர்கன். மறுநாள் மதியம் விமானம். பயண நிறுவனங்கள் விற்பதும் இதைத்தான். இதில் பெர்கனுக்குக் கிடைப்பது, களைத்த கால்களோடு துறைமுகத்தில் ஒரு நடையும் ஹோட்டலில் ஒரு காலைச் சாப்பாடும் மட்டுமே.

இதைத் திருப்பிப் போடச் சொல்வேன். ஓஸ்லோவுக்கு ஒரு நாள் போதும். பெர்கனில் மூன்று இரவு தங்குங்கள், முடிந்தால் நான்கு. காரணம், மழை.

பெர்கனில் மழை பெய்யுமா என்று கேட்பதில் அர்த்தமில்லை, பெய்யும். அட்லாண்டிக்கிலிருந்து வரும் ஈரக் காற்று நகரைச் சூழ்ந்த மலைகளில் முட்டி மேலே ஏறுகிறது, குளிர்கிறது, கொட்டுகிறது. ஆண்டு மழை 2,000 மில்லிமீட்டரைத் தாண்டும். சென்னையின் சராசரி 1,400 மில்லிமீட்டரை ஒட்டியது. ஆனால் அது சில வாரங்களில் அடித்துப் பெய்து ஓய்ந்துவிடும். பெர்கன் தன் பங்கை 200 நாளுக்கு மேல் பிரித்து வைத்துக்கொண்டு தூறுகிறது. 2006 அக்டோபர் கடைசியில் பிடித்த மழை 2007 ஜனவரி வரை 85 நாள், ஒரு நாள் கூட விடாமல் பெய்ததாக வானிலைக் கணக்கு இருக்கிறது. ஆனால் காலையில் மலையே தெரியாமல் மூடிக் கிடந்த வானம் மாலை ஐந்து மணிக்குத் துடைத்துவிட்டதுபோல் தெளிவதும் அங்கே சாதாரணம்.

ஆகவே மலைக்கு என்றைக்கு, படகுக்கு என்றைக்கு, அருங்காட்சியகத்துக்கு என்றைக்கு என்பதை முந்தின இரவு வானிலை பார்த்துத் தீர்மானிக்க இடம் தரும் திட்டமே பெர்கனுக்கு நல்ல திட்டம். மூன்று மாதத்துக்கு முன்பே ஒரு குறிப்பிட்ட செவ்வாய்க்கிழமைக்குப் பணம் கட்டிவிட்டால், அந்தச் செவ்வாய்க்கிழமையின் வானம் நம் தலைவிதியாகிவிடும். கீழே உள்ள ஒவ்வொரு தேர்வையும் இந்த ஒரு கோணத்தில்தான் எடைபோட்டிருக்கிறேன்.

எந்த மாதம்

மே பிற்பாதியும் ஜூனும். இதில் எனக்குத் தயக்கமே இல்லை. ஏப்ரல் முதல் ஜூன் வரைதான் பெர்கனில் மழை குறைந்த காலம். செப்டம்பரில் ஏறத் தொடங்கும் மழை குளிர்காலம் முழுக்க நீடிக்கிறது. வெயில் காலம் என்றதும் நம் ஆட்கள் ஜூலை, ஆகஸ்டுக்கு டிக்கெட் எடுக்கிறார்கள். அந்த மாதங்களில் வெப்பம் ஓரிரு டிகிரி கூடுதல்தான். மழையோ மே மாதத்தைவிட அதிகம். அதோடு ஐரோப்பா முழுக்கப் பள்ளி விடுமுறை. படகும் ரயிலும் முன்கூட்டியே நிரம்பிவிடுவதால், வானம் பார்த்து நாள் குறிக்கும் வசதி கையை விட்டுப் போகிறது.

ஜூனுக்கு இன்னொரு பலம், வெளிச்சம். பெர்கன் 60 டிகிரி வட அட்சரேகையைத் தாண்டி இருக்கிறது. ஜூன் கடைசியில் சூரியன் காலை நான்கு மணியளவில் உதித்து இரவு பதினொன்றுக்கு மேல்தான் மறைகிறது. ஏறத்தாழ 19 மணி நேரப் பகல். மதியம் வரை மழை பெய்தாலும் நாள் கெட்டுப்போவதில்லை; இரவுச் சாப்பாட்டை முடித்துவிட்டு எட்டு மணிக்கு மலை ஏறலாம்.

மே 17 நார்வேயின் அரசியலமைப்பு நாள். 1814-இல் அரசியலமைப்பு கையெழுத்தானதைக் கொண்டாடும் நாள் அது. பெர்கனில் அன்றைக்குப் 'பூகோர்ப்ஸ்' என்ற சிறுவர் அணிகள் முரசு கொட்டிக்கொண்டு ஊர்வலம் போகும். வேறு நார்வே நகரங்களில் காணக் கிடைக்காத வழக்கம். ஊரே பாரம்பரிய உடையில் தெருவுக்கு வந்துவிடும். பார்க்க அருமையான நாள்தான். ஆனால் கடைகள் மூடியிருக்கும், ஹோட்டல் விலை ஏறும். அதற்குப் பிறகு சில நாளிலேயே 1953 முதல் நடந்துவரும் பெர்கன் கலைவிழா இரண்டு வாரம். இசை பிடித்தவர்கள் தேதியை அதோடு பொருத்திக்கொள்ளலாம். அறை வாடகை கையைக் கடிக்கும் என்று அஞ்சுகிறவர்கள் ஜூன் நடுவுக்குத் தள்ளிப்போடலாம்.

குளிர்காலம்? டிசம்பரில் பகல் ஆறு மணி நேரம் கூட இல்லை. கடல் நீரோட்டத்தின் தயவில் துறைமுகம் உறைவதில்லை, பனிக்குப் பதில் மழைதான் அதிகம். வடதுருவ ஒளி பார்க்கலாம் என்று பெர்கனுக்குப் போகாதீர்கள். அதற்கு இது மிகவும் தெற்கு; மேகமும் விடாது. அந்த ஆசை இருந்தால் நேராக வட நார்வேயின் துரோம்சோவுக்கு டிக்கெட் எடுங்கள்.

எந்த வழி

ஓஸ்லோவிலிருந்து விமானத்தில் ஒரு மணி நேரம் கூட ஆகாது. ரயிலில் ஆறரை முதல் ஏழு மணி நேரம். நேரக் கணக்கு மட்டும் பார்ப்பவர் விமானத்தைத் தேர்ந்தெடுத்துவிடுவார். ஆனால் இந்த ரயில் போக்குவரத்து மட்டுமல்ல, பார்க்க வேண்டிய இடங்களில் ஒன்று.

1909-இல் திறக்கப்பட்ட பெர்கன் பாதை, ஹார்டங்கர் மலைப் பீடபூமியைக் குறுக்கே கடக்கிறது. அதன் உயரமான நிலையம் ஃபின்சே, 1,222 மீட்டர். அந்த ஊருக்குச் சாலை கிடையாது. ரயிலை விட்டால் நடையோ சைக்கிளோ பனிச்சறுக்கோதான். ஜூன் தொடக்கத்திலும் தண்டவாளத்தின் இருபுறமும் பனி கிடக்கும். ஏரிகள் பாதி உறைந்து, உருகிய இடத்தில் மட்டும் கறுப்பாகத் தண்ணீர் தெரியும். ஓஸ்லோவில் பச்சைப் பசேலென்ற வயலைப் பார்த்து ஏறியவர் நாலு மணி நேரத்தில் அங்கே வந்து, இன்னும் இரண்டரை மணி நேரத்தில் கடல் மட்டத்துக்கு இறங்கிவிடுகிறார்.

இருக்கை விஷயத்தில் ஒரு குறிப்பு. ஓஸ்லோவிலிருந்து போகும்போது ஃபின்சே வரை இடப்பக்கம் நல்லது. ஹார்டங்கர் பனியாறு அந்தப் பக்கம்தான் தெரியும். வோஸ் நகரைத் தாண்டிக் கடற்கரை ஓரமாக ரயில் இறங்கும்போது தண்ணீர் வலப்பக்கம் வந்துவிடுகிறது. இடப்பக்கம் உட்கார்ந்துவிட்டு, கடைசி ஒரு மணி நேரம் வலப்பக்கம் காலியான இருக்கை இருந்தால் மாறிக்கொள்வதே உத்தி.

இரவு ரயிலும் இருக்கிறது. ஒரு ஹோட்டல் இரவை மிச்சப்படுத்தலாம் என்று அதை எடுப்பவர்கள் உண்டு. கண்ணை மூடிக்கொண்டு கடப்பதற்கு இந்தப் பாதை எதற்கு? விமானத்திலேயே போயிருக்கலாம். பகல் ரயிலுக்கு மலிவு விலை டிக்கெட் முன்கூட்டியே எடுத்தால்தான் கிடைக்கும். தேதியை முன்பே கட்டிப்போட நான் சம்மதிக்கும் ஒரே இடம் இதுதான். ஏனென்றால் மழையிலும் மூடுபனியிலும்கூட அந்தப் பீடபூமி பார்க்கத் தகுந்ததுதான். கோடையில் சில நாட்கள் பராமரிப்புக்காகப் பாதையின் ஒரு பகுதியை மூடி, பஸ்ஸில் ஏற்றிவிடுவது உண்டு. பணம் கட்டுமுன் அந்த நாளின் அறிவிப்பைப் பாருங்கள்.

டென்மார்க்கின் ஹிர்த்ஷால்ஸ் துறைமுகத்திலிருந்து ஸ்டவாங்கர் வழியாகப் பெர்கனுக்கு இரவுக் கப்பலும் வருகிறது. ஜெர்மனி, டென்மார்க் பக்கம் சொந்தக் காரோடு இருப்பவர்களுக்கு அது சரி. இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வருகிறவர்களுக்குச் சுற்று வழி.

என் யோசனை இது: போகும்போது ஓஸ்லோவில் இறங்கி ரயிலில் பெர்கன், திரும்பும்போது பெர்கனிலிருந்தே ஆம்ஸ்டர்டாம், கோபன்ஹேகன், ஃபிராங்க்ஃபர்ட் போன்ற ஊர்கள் வழியாக விமானம். ஓஸ்லோவுக்கு மறுபடி வர வேண்டிய வேலை இல்லை. போகும் ஊர் ஒன்று, திரும்பும் ஊர் வேறு என்று ஒரே டிக்கெட்டாக எடுத்தால், இரண்டு தனித்தனி ஒருவழி டிக்கெட்டைவிடப் பெரும்பாலும் மலிவாக இருக்கும்.

நார்வே ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை. ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போய்வர இடம் தரும் ஷெங்கன் பகுதியில் இருக்கிறது. அதனால் ஷெங்கன் விசா போதும். பல நாடுகளைச் சேர்த்துப் போகிறவர்கள் எந்த நாட்டில் அதிக இரவு தங்குகிறார்களோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். பெர்கனில் இரவைக் கூட்டும்போது இந்தக் கணக்கு மாறிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். விண்ணப்பத்தோடு தங்குமிடம், 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு எல்லாம் கேட்பார்கள். படகு டிக்கெட்டை யாரும் கேட்பதில்லை. அதற்கு அவசரப்பட வேண்டாம்.

எந்த ஃபியோர்டு

பனியாறுகள் குடைந்த பள்ளத்தில் கடல் புகுந்து, செங்குத்து மலைகளுக்கு நடுவே உள்நாடு வரை நீண்டு கிடப்பதுதான் ஃபியோர்டு. பெர்கனிலிருந்து ஒரு நாளில் பார்த்துத் திரும்ப மூன்று வழிகள் தேறும்.

முதலாவது, எல்லோரும் போகும் நேரோய்ஃபியோர்டு. மிகக் குறுகிய இடத்தில் அகலம் 250 மீட்டர்தான். இரு பக்கமும் ஆயிரம் மீட்டருக்கு மேல் பாறை. 2005-இல் கெய்ராங்கர்ஃபியோர்டோடு சேர்த்து யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றது. பெர்கனிலிருந்து ரயிலில் வோஸ், அங்கிருந்து பஸ்ஸில் குட்வாங்கன், அங்கிருந்து இரண்டு மணி நேரப் படகில் ஃப்ளோம், பிறகு ஃப்ளோம் மலை ரயிலில் மிர்டால், மறுபடி பெரிய ரயிலில் பெர்கன். முழு நாள் போய்விடும். ஃப்ளோம் ரயில் 20 கிலோமீட்டரில் 860 மீட்டருக்கு மேல் ஏறுகிறது. வழியில் ஓர் அருவியின் முன் நிறுத்தி எல்லோரையும் இறக்கிப் படம் எடுக்க விடுகிறார்கள். படகுகளில் சில இப்போது முழுக்க மின்சாரத்தில் ஓடுபவை. இஞ்சின் இரைச்சல் இல்லாததால் பாறையில் வழியும் தண்ணீரின் சத்தம் மேல்தளம் வரை கேட்கிறது.

இந்தச் சுற்றைத்தான் ஒரே பெயரில் கட்டி ஓஸ்லோவிலிருந்து பெர்கன் வரைக்கும் விற்கிறார்கள். அந்தக் கட்டுக்குள் இருப்பது பொதுவான ரயிலும் பஸ்ஸும் படகும்தான், தனித்தனியாகவும் எடுக்கலாம். ஓஸ்லோவிலிருந்து பெட்டியையும் இழுத்துக்கொண்டு ஐந்து வண்டி மாறுவதைவிட, பெட்டியைப் பெர்கன் அறையில் போட்டுவிட்டு, வானம் தெளிந்த நாளில் ஒரு பையோடு போய் வருவது எவ்வளவோ மேல். மே, ஜூன் தொடக்கத்தில் ஓரிரு நாள் முன்னதாக இடம் கிடைக்கும் வாய்ப்பு நன்றாகவே இருக்கிறது. ஜூலையில் அதை நம்பாதீர்கள்.

பெரிய ரயிலில் மிர்டால் தாண்டும்போது இறங்கி, மலை ரயிலை மட்டும் பார்த்துவிட்டு அடுத்த வண்டியைப் பிடிக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். படகு இல்லாத ஃப்ளோமுக்கு அந்தச் செலவு அதிகம்.

இரண்டாவது, மோஸ்த்ரவுமன். பெர்கன் துறைமுகத்திலிருந்தே கிளம்பும் படகு, ஓஸ்டர்ஃபியோர்டு வழியாக உள்ளே போய் மோஸ்த்ரவுமன் என்ற குறுகிய நீர்வழி வரை சென்று மூன்றரை மணி நேரத்தில் திரும்பிவிடுகிறது. மலைகள் நேரோய்ஃபியோர்டு அளவுக்கு மிரட்டுவதில்லை. ஆனால் காலையில் வானத்தைப் பார்த்துவிட்டு அன்றைக்கே ஏறலாம், மதியச் சாப்பாட்டுக்கு ஊர் திரும்பலாம். சின்னக் குழந்தையோ வயதான பெற்றோரோ கூட இருந்தால், ஐந்து வண்டி மாறும் முதல் வழியை மறந்துவிட்டு இதையே எடுப்பேன்.

மூன்றாவது, ஹார்டங்கர். இதைச் சொல்கிறவர்கள் குறைவு. பஸ்ஸில் ஒன்றரை மணி நேரத்தில் நூர்ஹெய்ம்சுண்ட். அங்கே ஸ்டெய்ன்ஸ்டால்ஸ்ஃபோசன் அருவியின் பின்பக்கமாகப் பாதை போகிறது. விழும் தண்ணீருக்கும் பாறைக்கும் நடுவில் நின்று வெளியே பார்க்கலாம். மே மாதத்தில் ஆப்பிள் தோப்புகள் பூத்திருக்கும். செலவு மூன்றிலும் குறைவு, கூட்டமும் குறைவு. அருவிக்குப் போகிறவருக்கு மழையும் பெரிய தடையில்லை.

ட்ரோல்துங்கா என்ற அந்தப் பிரபலமான பாறை நாக்கை ஒரே நாளில் பெர்கனிலிருந்து பார்த்துவிடலாம் என்று எண்ண வேண்டாம். மேலே ஒரு நாள் முழுக்க நடை மட்டுமே இருக்கிறது.

எந்த மலை

ஊரைச் சுற்றி ஏழு மலை என்று கணக்கு. அதில் இரண்டுக்கு வண்டி உண்டு. 1918 முதல் ஓடும் இழுவை ரயில், துறைமுகத்துக்கு மிக அருகிலிருந்து கிளம்பிச் சில நிமிடத்தில் 320 மீட்டர் உயர ஃபுளோயனுக்குக் கொண்டுபோய் விடும். உல்ரிக்கன் 643 மீட்டர், ஏழிலும் உயரம். தொங்கு வண்டியில் போக வேண்டும், அடிவாரத்துக்கே பஸ் பிடிக்க வேண்டும்.

காட்சி உல்ரிக்கனில்தான் பெரிது; கடல், தீவு, மலை எல்லாம் ஒரே வளையத்தில். ஆனால் உயரம் கூடக்கூட மேகம் உட்காரும் வாய்ப்பும் கூடும். கீழே வெயில் அடிக்கும்போதே உல்ரிக்கன் உச்சி மூடிக்கிடப்பது சகஜம். ஃபுளோயன் தாழ்வாக இருப்பதே அதன் பலம்: துறைமுகமும் கூரைகளும் கைக்கெட்டும் தூரத்தில் தெரியும், கொஞ்சம் கலங்கிய வானத்திலும் ஏமாற்றாது. ஒன்றுதான் என்றால் ஃபுளோயன். ஏறுவதற்கு மட்டும் டிக்கெட் எடுத்து, இறங்கும்போது காட்டு வழியாக நடந்து வாருங்கள். பாதை நல்ல பாதை, ஊருக்குள்ளேயே வந்து முடியும். நடைப் பிரியர்கள் உல்ரிக்கனில் ஏறி மலை முகட்டோடு ஃபுளோயன் வரை நடக்கிறார்கள். ஐந்து மணி நேரம் பிடிக்கும். மே மாதத்தில் மேலே பனி மிச்சமிருக்கும், அதனால் ஜூனுக்கு முன் வேண்டாம்.

பிரிக்கன், மழை நாளுக்கு

துறைமுகத்தின் வடகரையில் வரிசையாகச் சாய்ந்து நிற்கும் மர வீடுகள்தான் பிரிக்கன். 1979 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. 1360 வாக்கில் ஹான்சா என்ற வணிகக் கூட்டமைப்பைச் சேர்ந்த ஜெர்மானிய வணிகர்கள் இங்கே தங்கள் அலுவலகத்தை அமைத்தார்கள். வடக்கே லோஃபோட்டனிலிருந்து, உப்புப் போடாமல் குளிர்காற்றிலேயே உலர்த்திய காட் மீன் கருவாடு வந்தது. தெற்கிலிருந்து தானியம் வந்தது. அந்தப் பண்டமாற்றில் வளர்ந்த ஊர் பெர்கன்.

முகப்பை மட்டும் படம் எடுத்துக்கொண்டு போகிறவர்கள் பாதியைத்தான் பார்க்கிறார்கள். வீடுகளுக்கு நடுவே உள்ள சந்தில் நுழையுங்கள். தரை முழுக்கப் பலகை. மழையில் நனைந்து கறுத்து, மிதித்தால் லேசாக அமுங்கும். மேல்மாடி நடைக்கூடங்கள் இரு பக்கத்திலிருந்தும் நீட்டிக்கொண்டு வானத்தை ஒரு கீற்றாக்கிவிடும். சுவர் எதுவும் செங்குத்தாக இல்லை. தீக்குப் பயந்து இந்த வீடுகளுக்குள் அடுப்போ விளக்கோ அனுமதிக்கப்படவில்லை. வணிகர்களும் பயிற்சிச் சிறுவர்களும் நார்வேக் குளிரில் அப்படியே வாழ்ந்து, சமைக்கவும் குளிர் காயவும் பின்னால் தனியே கட்டிய கூடத்துக்குத்தான் போனார்கள். அப்படியும் 1702-இல் எல்லாம் எரிந்தது. பழைய அடித்தளத்தின் மேல் பழைய முறையிலேயே திரும்பக் கட்டினார்கள். இன்று நிற்பது அதுதான். 1955-இல் இன்னொரு தீயில் ஒரு பகுதி போயிற்று. எரிந்த இடத்தைத் தோண்டியபோது கிடைத்தவைதான் பக்கத்திலுள்ள பிரிக்கன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ரூன் என்ற பழைய வட ஐரோப்பிய எழுத்துக் கீறிய மரக்குச்சிகளை விடாமல் பாருங்கள். கணக்கு, சரக்கின் உரிமையாளர் பெயர், காதல் என்று அன்றாடச் சமாச்சாரம் எல்லாம் அதில் எழுதியிருக்கிறார்கள்.

பெரிய சொகுசுக் கப்பல் நிற்கும் நாளில் பகல் வேளையில் இந்தச் சந்துகளில் கால் வைக்க முடியாது. எந்த நாளில் எந்தக் கப்பல் என்ற பட்டியலைத் துறைமுகம் இணையத்தில் வெளியிடுகிறது. காலை எட்டு மணிக்கு முன்னும் மாலை ஆறு மணிக்குப் பின்னும் பிரிக்கன் அமைதியாகிவிடும். அங்கேயே தங்குகிறவர்களுக்குத்தான் அந்த நேரம் வாய்க்கும். ஒரே நாள் சுற்றில் வருகிறவர்களுக்கு வாய்ப்பது அரிது.

மழை விடாத நாளுக்கு மீதி இடங்கள்: கோடே அருங்காட்சியகத்தில் எட்வர்ட் முங்க் ஓவியங்கள், ஊருக்குத் தெற்கே இசையமைப்பாளர் எட்வர்ட் கிரீக் 1885 முதல் வாழ்ந்த வீடு, டிராமில் போய்ச் சற்று நடக்க வேண்டும்.

தங்குவதும் சாப்பிடுவதும்

பிரிக்கனை ஒட்டிய ஹோட்டல்கள் விலை அதிகம், இரவில் துறைமுகச் சந்தடியும் உண்டு. ரயில் நிலையப் பக்கம் தங்கினால் பத்துப் பதினைந்து நிமிட நடைதான். ஃபியோர்டுக்குப் போகும் காலை ரயிலுக்கும் வசதி. நான் அதைத்தான் சொல்வேன். டிராம் பாதையில் தெற்கே தள்ளிப் போனால் இன்னும் மலிவு, ஆனால் மழை விட்டதும் சட்டென்று ஃபுளோயன் ஏற முடியாது.

நார்வே ஹோட்டல்களில் காலைச் சாப்பாடு பெரும்பாலும் வாடகையிலேயே அடக்கம், தாராளமாகவும் இருக்கும். வெளியே உணவக விலை நம்மைத் திடுக்கிட வைக்கும் என்பதால், அறை விலையை ஒப்பிடும்போது அதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். குடும்பமாகப் போகிறவர்களுக்கும் சைவர்களுக்கும் சமையலறை உள்ள அறையே சரி. கிவி, ரேமா 1000 போன்ற கடைகளில் அரிசி, பருப்பு, தயிர் எல்லாம் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும், சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள். மீன் சந்தை வேடிக்கை பார்க்க நல்ல இடம், வயிறு நிறையச் சாப்பிட விலை அதிகம். மீன் உண்பவர்கள் வேறு எங்காவது பாலாடை சேர்த்த பெர்கன் மீன் சூப் ஒரு கிண்ணம் சாப்பிடலாம். குழாய்த் தண்ணீர் அருமையான தண்ணீர்; பாட்டில் வாங்குவது வீண் செலவு.

பஸ், டிராம், அருங்காட்சியகச் சலுகை எல்லாம் சேர்ந்த பெர்கன் அட்டை 24 மணி நேரம் முதல் பல அளவில் விற்கிறது. வந்தவுடனே வாங்காதீர்கள். ஊருக்குள் எல்லாம் நடந்தே போகலாம். ஃபியோர்டு நாளில் அட்டை சும்மா கிடக்கும். வானிலை அறிக்கை நாள் முழுக்க மழை என்று சொல்லும் நாளுக்கு மட்டும் 24 மணி நேர அட்டை எடுத்து, அருங்காட்சியகங்களை அதில் முடித்துக்கொள்ளுங்கள். குடை வேண்டாம், கடற்காற்று திருப்பிவிடும்; தொப்பி வைத்த மழைச் சட்டை போதும். கிளம்பும் நாளில் விமான நிலையத்துக்குத் தனிப் பஸ்ஸும் இருக்கிறது, டிராமும் இருக்கிறது. ஊர் நடுவிலிருந்து டிராமில் முக்கால் மணி நேரம், சாதாரண டிக்கெட்தான்; விடியற்காலை விமானமாக இல்லாவிட்டால் டிராமே போதும்.